தும்பி செய்தது துரோகமா?

தும்பியைக் கொன்றுவிடச் சொல்லி வந்த கடிதங்கள் மட்டும் பதினேழு. அதில் ஒன்பது, மூன்றாம் பாகத்தின் முதல் அத்தியாயத்திலேயே காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டன. உசிலம்பட்டிப் பக்கத்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கோடு போட்ட தாளில் சிவப்பு மையில் எழுதியிருந்தான்: “கொல்லுங்க மேடம். ஆனா மெதுவாக் கொல்லுங்க.”

சத்யப்ரியா அதை இரண்டு தடவை படித்துச் சிரித்தாள். செல்போனில் படம் எடுத்துப் பதிப்பகத்தாருக்கு அனுப்பினாள். அவர் அதை உடனே முகநூல் பக்கத்தில் போட்டார். சாயங்காலத்துக்குள் அறுநூறு பேர் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

பகலில் அவளுக்கு வேறு பிழைப்பு. திருமங்கலத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப்பிங் வேலை. கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று காலை முதல் மாலை வரை ஊரார் நிலத்துக்கு எல்லை சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கி இறக்கியபின் எழுத்தாளர். அதுவும் இலக்கியக் கூட்டத்தில் நாற்காலி கிடைக்காத ரகம். பதின்மூன்று பதினாலு வயதுப் பிள்ளைகளுக்கு மாயாஜாலக் கதை எழுதுகிறவளை எந்தப் பெரிய மனிதர் மேடைக்குக் கூப்பிடப் போகிறார்? பிள்ளைகள் கூப்பிட்டார்கள். முதல் பாகமான ‘நீலக்கரட்டுக் காவல்’ பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கை மாறி அட்டை கிழிந்தது.

கதை இதுதான். சமவெளியின் நடுவே ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அதன் வயிற்றுக்குள் ஒரு கோட்டை. அதைக் காவல் காப்பவர்கள் அக்கா தங்கை இரண்டு பேர். அக்கா முகிலி மேகத்தை ஏவுவாள். தங்கை தும்பிக்கு முதுகில் நான்கு மெல்லிய சிறகுகள். முகிலி கண்டிப்பானவள், வார்த்தையை அளந்து பேசுகிறவள். தும்பி வாயாடி. பாதி வழி பறந்தபின் எதற்குக் கிளம்பினோம் என்பதையே மறந்துவிடுகிறவள். பிள்ளைகள் முகிலிக்கு மரியாதை கொடுத்தார்கள், தும்பியைக் கொஞ்சினார்கள். ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் ஏழு தும்பிகள் ஒரே நேரத்தில் மேடையேறி, சிறகு சிக்கி ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள்.

இரண்டாம் பாகம் ‘நீலக்கரட்டு இருட்டு’ போன ஆனியில் வந்தது. அதில் கோட்டையின் தாய் இறந்துபோகிறாள். முகிலி சுனைத் தண்ணீர் எடுத்து வந்து, தாயைக் குளிப்பாட்டத் தங்கைக்காகக் காத்திருக்கிறாள். தும்பி வருகிறாள். வாசல்வரை பறந்து வந்து, அந்தரத்தில் நின்று பார்த்துவிட்டு, தரையில் கால் ஊன்றாமல் அப்படியே திரும்பிப் போய்விடுகிறாள். காவலர் இரண்டு பேரும் உள்ளே நின்றால்தான் கோட்டைக் கதவு மூடும் என்பது முதல் பாகத்திலேயே சொன்ன விதி. கதவு மூடவில்லை. அன்றைக்கே பகைவர் புகுந்தார்கள்.

பிறகு கேட்கவா வேண்டும்? பிள்ளைகள் கொதித்துவிட்டார்கள். ஒரு வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த தும்பி படத்தின் கண்ணைக் காம்பஸ் முனையால் நோண்டிவிட்டார்கள். ஒரு தாய் போன் போட்டு, “ஏன் மேடம், எம்மகன் மூணு நாளா ஒழுங்காச் சோறு திங்கல. அந்தப் பாதகத்தி ஒரு எட்டு உள்ள வந்துட்டுப் போனா என்ன கொறைஞ்சா போயிருவா?” என்று சண்டைக்கு வந்தாள். வளர்ந்தவர்கள் குறை வேறு மாதிரி. முதல் பாகம் பறந்தது, இரண்டாம் பாகம் நொண்டுகிறது என்று ஒரு கல்லூரி மாணவர் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தார். சண்டை குறைவு, ஒப்பாரி அதிகம் என்று எழுதினார் இன்னொருவர். அவர் வீட்டில் ஒப்பாரி வைக்கும் நாள் இன்னும் வரவில்லை போலிருக்கிறது. வந்தால் பக்கத்தை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

நட்சத்திரமெல்லாம் சத்யப்ரியாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. தும்பியைத் திட்டி வருகிறதைத்தான் தேடித் தேடிப் படித்தாள். ஒவ்வொரு வசவுக்கும் நெஞ்சு குளிர்ந்தது. பெற்ற பாத்திரத்துக்கு விழும் அடியை எழுதியவளே ரசிப்பாளா என்று கேட்கலாம். ரசித்தாள். ஏனென்றால் தும்பி என்பது அவள் கூடப்பிறந்த தங்கை திவ்யா.

வீட்டில் திவ்யாவைக் கூப்பிடுவதே தும்பி என்றுதான். ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். முதல் பாகத்தை அத்தியாயம் அத்தியாயமாகக் கையெழுத்திலேயே வாங்கிப் படித்து, “எனக்கு இன்னொரு சண்டை வையிக்கா” என்று நச்சரித்தவள் அவள். செல்லூர் ராஜகுருவை விரும்பிக் கட்டிக்கொண்டாள். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன், ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அக்கா தங்கை இரண்டு பேருக்கும் அப்பா இல்லை. வாடிப்பட்டியில் தோட்டமும் மாடுமாக இருந்த அம்மா ரெங்கம்மாள் ஒரு வருடம் முறுக்கிக்கொண்டு இருந்தாள். நடுவில் நின்று பேசிப் பேசி அவளை இறக்கிக் கொண்டுவந்தவள் சத்யப்ரியா. தங்கைக்காக அம்மாவிடம் அத்தனை ஏச்சு வாங்கியவள். அதனால்தான் பின்னால் வந்த வலி இத்தனை ஆழமாக இறங்கியது.

இரண்டரை வருடத்துக்கு முன்பு, தை மாதம் ஒரு காலையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன ரெங்கம்மாள் தொட்டியடியிலேயே விழுந்து இறந்துபோனாள். செல்லூருக்குப் போனில் சொன்னார்கள். மத்தியானம் நீர்மாலை எடுக்கும் நேரம் வந்தது. பெற்ற மகள்கள் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து தாயைக் கடைசியாகக் குளிப்பாட்ட வேண்டும். அந்த ஊரில் மகளாகப் பிறந்தவளுக்கு அதற்கு மேல் ஒரு கடமை கிடையாது. திவ்யாவுக்காக அரைமணி நேரம் பொறுத்தார்கள். பெரிய ஆட்கள் நேரமாகிறது என்று முனக ஆரம்பித்தார்கள். கடைசியில் சத்யப்ரியா ஒற்றை ஆளாகப் போய் ஒற்றைக் குடம் எடுத்து வந்தாள். சின்ன மகளுக்கென்று விளக்கி வைத்த குடம் பந்தக்காலடியில் வெறுமனே இருந்தது. கேதத்துக்கு வந்த அத்தனை கண்ணும் அதைப் பார்த்தது.

எல்லாம் முடிந்தபின் பக்கத்து வீட்டு ஒச்சாயி வந்து சொன்னாள். “ஒந்தங்கச்சி வந்தாளேத்தா. தெருமுக்கு வரைக்கும் ஆட்டோவுல வந்தா. கொஞ்ச நேரம் நின்னுச்சு ஆட்டோ. எறங்கல. அப்படியே திருப்பிக்கிட்டுப் போயிட்டா.”

வராமலே இருந்திருந்தால்கூடச் சத்யப்ரியா ஆறியிருப்பாள். வந்துவிட்டுத் திரும்பினாள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெற்றவள் முகத்தைப் பார்க்கக் கூசும்படி என்ன வந்துவிட்டது? மறுநாள் திவ்யா மூன்று தடவை போன் செய்தாள். சத்யப்ரியா எடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு ராஜகுரு மட்டும் தனியாக வந்தான். எங்கள் பக்கம் பகையாளியே படியேறி வந்தாலும் ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சத்யப்ரியா சொல்லவில்லை. அவன் ஏதோ பேச வாயெடுத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் அவன் போய்விட்டான்.

அந்த மாதமே இரண்டாம் பாகத்தை எழுத உட்கார்ந்தாள். தும்பி திரும்பிப் பறக்கும் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினாள். கோபத்துக்குக் கை வேகம் அதிகம்.

ஆவணியில் வாடிப்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே தமிழாசிரியர் அழகுபாண்டி பிள்ளைகளைச் சேர்த்து வாசிப்பு வட்டம் நடத்துகிறார். மதுரைக்காரர்களுக்கு எதையும் பட்டிமன்றமாக்கிப் பார்த்தால்தான் திருப்தி. அவரும் ஒரு பட்டிமன்றம் வைத்துவிட்டார். தலைப்பு, ‘தும்பி செய்தது துரோகமா, இல்லையா?’ நடுவர், கதையை எழுதியவரே.

“துரோகமேங்கிற அணியில பேச முப்பது பேரு அடிதடி மேடம். இல்லைங்கிற அணிக்கு ஒரு ஆளு வரல” என்றார் அழகுபாண்டி. “சீட்டுப் போட்டு மூணு பேரைப் புடிச்சேன். அதுல ரெண்டு பேரு இன்னைக்குக் காய்ச்சலாம். மிச்சம் இந்தப் புள்ளதான்.”

ஒன்பதாம் வகுப்பு அஸ்வினி. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டை ஜடை. எட்டாக மடித்த தாள் ஒன்றை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

துரோகமே என்ற அணிக்காரர்கள் மேடையைக் கிழித்துவிட்டார்கள். சித்தார்த் என்ற பையன் கையை நீட்டி முழங்கினான். “பத்து மாசம் சொமந்த தாயி! ஒரு எட்டு உள்ள வந்து பாக்க முடியல. அப்புறம் நாலு றெக்கை எதுக்கு? நடுவர் அவர்களே, நாலு றெக்கை எதுக்கு?” கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. சத்யப்ரியாவும் தட்டினாள்.

அஸ்வினி எழுந்து மைக்குக்கு எட்டாமல் குதிகாலை உயர்த்திக்கொண்டாள்.

“நடுவர் அவர்களுக்கு வணக்கம். எனக்கும் தும்பி மேல கோவம்தான். சீட்டுல பேரு வந்துச்சுன்னுதான் பேச வந்தேன்.” எல்லோரும் சிரித்தார்கள். அவள் தாளைப் பிரித்தாள், பிறகு பார்க்காமலே பேசினாள். “பேசணும்ல, அதனால நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தை அஞ்சு வாட்டி படிச்சேன். தும்பி ரெண்டு நாளு பறந்து வாராங்க. வழியில ஒரு றெக்கை கிழிஞ்சு போகுது. அப்பயும் வாராங்க. வர இஷ்டம் இல்லாதவங்க எதுக்கு அம்புட்டுத் தூரம் வரணும்? பேசாம வராமயே இருந்திருக்கலாம்ல. வாசல் வரைக்கும் வந்தவங்க உள்ள வரலைன்னா, உள்ள வரமுடியாம ஏதோ ஒண்ணு இருந்திருக்கு. அது என்னன்னு புத்தகத்துல இல்ல. ஏன் இல்லைன்னா, முகிலி அதுக்கப்புறம் எண்பது பக்கம் தும்பியைத் திட்டுறாங்க. ஒரு வாட்டி கூடப் போயி ஏன் வரலைன்னு கேக்கல. எழுதுனவங்களும் கேக்கல. கேக்காமயே துரோகின்னு சொன்னா எப்புடி?”

சொல்லிவிட்டு வணக்கம்கூடச் சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டாள். பின்வரிசையில் ஒருவன் ‘ஊ’ என்று ஊளையிட்டான். அழகுபாண்டி அவனை முறைத்தார்.

சத்யப்ரியாவுக்கு முகம் சூடேறியது. கூட்டத்தின் முன்னால் யாரோ தன் சேலையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. ஒரு தரப்பு சொன்னதை மட்டும் கேட்டுப் பத்திரம் எழுதினால் நாளைக்குக் கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து, படித்துக் காட்டிவிட்டுத்தானே தினமும் கையெழுத்து வாங்குகிறாள். ஆனால் அது ஊரார் நிலம். இது அவள் அம்மா.

அவள் எழுந்து தீர்ப்புச் சொன்னாள். “அஸ்வினி நல்லா யோசிச்சிருக்கு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. பெத்தவளோட கடைசி மொகத்தைப் பாக்கப் போறப்ப எந்தக் காரணமும் குறுக்க நிக்க முடியாது. நின்னா அது காரணம் இல்ல, சாக்கு. தும்பி செஞ்சது துரோகம்தான். மன்னிக்க முடியாத துரோகம்.”

பிள்ளைகள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். வென்ற அணிக்குப் பேனாவும் புத்தகமும் கிடைத்தன. அஸ்வினி தாளைத் திரும்பவும் எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்ததைச் சத்யப்ரியா பார்த்தாள். பார்த்தும் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூடத்தார் முழு நிகழ்ச்சியையும் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார்கள்.

நாலாம் நாள் மத்தியானம், ஆபீஸில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, மாயக்காள் வாசலில் வந்து நின்றாள். அப்பா கூடப்பிறந்த அத்தை. அறுபது வயதைத் தாண்டியவள், வாடிப்பட்டியை விட்டு அநாவசியமாகக் கிளம்பாதவள். இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வை மட்டும் இல்லை என்று தெரிந்தது.

“வா அத்தே. என்ன திடுதிப்புன்னு?”

“யாருக்குடி தீர்ப்புச் சொன்ன?”

சத்யப்ரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தத் தீர்ப்பு?”

“பேரப்புள்ளைக போன்ல பாத்துக்கிட்டு இருந்துச்சுக. ஒங்கொரலு கேட்டுச்சேன்னு நானும் வாங்கிப் பாத்தேன். துரோகியாம். மன்னிக்க முடியாதாம்.”

“அது கதை அத்தே.”

“கதையாம்ல கதை. தும்பின்னா யாருன்னு எனக்குத் தெரியாதா? நானும் அவளத் தும்பி தும்பின்னு தூக்கி வளத்தவதான்டி.” மாயக்காளின் குரல் உடைந்தது. “அன்னைக்கு அவளை எறங்கவிடாம மறிச்சவ நாந்தான். ஏசுறதா இருந்தா என்னைய ஏசு.”

பத்திரத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்யப்ரியா அத்தையின் கையைப் பிடித்து ஆபீஸுக்குப் பின்னால், ஜெராக்ஸ் மிஷின் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த ஒற்றை ஸ்டூலில் அத்தை உட்கார்ந்தாள். இவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“வாராளா வாராளான்னு நாந்தான் தெருமுக்குல போயி நின்னேன். ஆட்டோ வந்துச்சு. ஒரு காலை வெளிய வச்சிட்டா. அவ மொகத்தையும் உக்காந்திருந்த பக்குவத்தையும் பாத்ததுமே எனக்கு வெளங்கிருச்சு. எத்தனை மாசம்டின்னு கேட்டேன். ரெண்டு முடியப் போகுதுன்னா. மூணு மாசம் நெறையாம வெளிய சொல்லக்கூடாதுல்ல, அதனால ஒங்கம்மாகிட்டக்கூடச் சொல்லாம வச்சிருந்திருக்கா. ஏற்கெனவே ரெண்டு கலைஞ்சவ. டாக்டரம்மா எந்திரிச்சு நடக்காதன்னு சொல்லியும் மனசு கேக்காம வந்துட்டா. வயித்துப் புள்ளக்காரி எழவு வீட்டுல கால் வைக்கலாமா? பொணத்தைப் பாக்கலாமா? காலைத் தூக்கி உள்ள வையின்னேன். ‘அம்மாவ ஒரே ஒரு தடவை அத்தே’ன்னு எங்கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. நான் விடல. போனவ திரும்பி வரமாட்டா, வரப்போறதைக் காப்பாத்துன்னு சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாதன்னு எங்கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டுப் போனா.”

அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று சத்யப்ரியா கேட்பதற்குள் அத்தையே சொன்னாள்.

“பன்னெண்டாம் நாளு அதுவும் போயிருச்சு. பதினாறாம் நாளு காரியத்தன்னைக்கு அவ ஆஸ்பத்திரியில கெடந்தா. அந்தத் தம்பி அதைச் சொல்லத்தான் வந்துச்சு.”

“அதுக்குப் பெறகாச்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தே.”

“சொல்றேன்னுதான் சொன்னேன். அவ வேணாம்னுட்டா. ‘இல்லாமப் போன புள்ளையைக் காட்டி எங்கக்காகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்றியா’ன்னு கேட்டா. அதோட நானும் விட்டுட்டேன்.” மாயக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். “எறங்கவிட்டிருந்தா ஆத்தா மொகமாச்சும் கெடைச்சிருக்கும். ரெண்டும் இல்லாமப் பண்ணிட்டேன்டி நான்.”

சத்யப்ரியா முதலாளியிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அத்தையை வாடிப்பட்டி போகும் பாதையில் பஸ் ஏற்றிவிட்டு, செல்லூருக்கு ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் அந்தச் சிவப்பு மைக் கடிதம் கண்முன் நின்றது. மெதுவாகக் கொல்லச் சொன்ன கடிதம். அதை ஊருக்கெல்லாம் காட்டியது யார்? காம்பஸால் கண்ணை நோண்டிய படத்தைக்கூடப் பதிப்பகத்தார் போட்டிருந்தார். அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மையைத் தட்டிவிட்டவள் இவள்தான். திவ்யா முகநூலில் இருக்கிறாள் என்பது இவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். அதை இப்போது மறைக்க யாரிடம் முடியும்?

விசைத்தறிச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்கும் சந்தில் ஆட்டோ போகாது. இறங்கி நடந்தாள். கதவைத் திறந்தவன் ராஜகுரு. ஒரு நொடி திகைத்தான். பிறகு, “வாங்கக்கா” என்றான்.

அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது. உள்ளே அவன் அம்மா லலிதாம்பாள் தங்கள் மொழியில் மகனிடம் ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னான். அதற்குப் பிறகு அந்த அம்மாள் வெளியே வரவில்லை. அடுப்படியில் காப்பிப் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது.

திவ்யா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. அக்காவைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. மடித்த துணியை ஒதுக்கி இடம் விட்டாள்.

“அத்தே சொல்லிருச்சா?” என்று கேட்டாள்.

சத்யப்ரியா தலையாட்டினாள். தங்கை விட்ட இடத்தில் உட்கார்ந்தாள்.

“புத்தகம் நல்லா இருந்துச்சுக்கா” என்றாள் திவ்யா. “மொத பாகத்தைவிட நல்லா எழுதியிருக்க.”

“வேணாம்டி.”

“நெசமாத்தான் சொல்றேன். நொண்டுதுன்னு எவனோ எழுதியிருந்தான், அவனுக்கு என்ன தெரியும்? படிக்கையில எனக்கே அவ மேல ஆத்திரமா வந்துச்சு. ஆத்தா செத்துக் கெடக்கா, காலை ஊண்டாமப் போறாளேன்னு. பாவி உள்ள போடின்னு வாய்விட்டே சொன்னேன். ரெண்டு பக்கம் தள்ளித்தான் அது நானுன்னு நெனப்பு வந்துச்சு.”

சத்யப்ரியா அவள் கையைப் பிடிக்கப் போனாள். திவ்யா ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

“ஒண்ணு மட்டும் தப்பா எழுதிட்ட. தும்பி ஒடனே திரும்பிப் போறதா எழுதியிருக்க. நான் ஒடனே போகல. நீ குடத்தோட வார வரைக்கும் ஆட்டோவுக்குள்ளயே இருந்தேன். ஒந்தலைக்கு மேல வேட்டிய விரிச்சுப் புடிச்சு வந்தாங்க. நீ குனிஞ்சுக்கிட்டே வந்த. என்னையத் தாண்டித்தான் போன. கையை நீட்டியிருந்தா ஒஞ்சேலை தட்டுப்பட்டிருக்கும். அக்கான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. நீர்மாலை எடுத்து வாரவளைக் கூப்பிடக்கூடாதுல்ல. வாயைப் பொத்திக்கிட்டேன்.”

சத்யப்ரியாவுக்கு அந்தத் தெருமுக்கு நினைவுக்கு வந்தது. குடத்திலிருந்து தளும்பி விழுந்த தண்ணீரும் தன் காலும் மட்டும்தான் அன்றைக்கு அவள் கண்ணில் பட்டது. பக்கத்தில் ஒரு ஆட்டோ நின்றதா என்றுகூட இன்றைக்கு அவளால் சொல்ல முடியாது.

“மூணாம் பாகத்துல மாத்திருறேன்டி” என்றாள். அழுகையும் பேச்சும் சேர்ந்து வந்தது. “தும்பி ஏன் வரலைன்னு மொத அத்தியாயத்துலயே எழுதிருறேன். எல்லாத்தையும் எழுதிருறேன். அம்புட்டுப் புள்ளைகளும் ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கும்.”

“வேணாம்.” திவ்யாவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “எம்புள்ளைய அதுக்குள்ள கொண்டாராத. அதுக்குப் பேரு கெடையாது, மொகம் கெடையாது, ஒரு போட்டோ கெடையாது. அதை எங்கிட்டயே விட்டுரு. புத்தகத்துல ஏத்தி, அதுக்கும் நாலு பேரு நட்சத்திரம் போடணுமா?”

“அப்பத் தும்பி?”

“அவ துரோகியாவே இருந்துட்டுப் போறா.”

ராஜகுரு காப்பி கொண்டுவந்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு வெளியே போனான். இரண்டு பேரும் தொடவில்லை. சந்துக்கு அப்பால் தறி ஓடிக்கொண்டே இருந்தது. சத்யப்ரியா விட்டு விட்டு அழுதாள். செய்ததைத் திருப்பி எடுக்க வழியில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. புத்தகம் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஒவ்வொன்றிலும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தும்பி காலை ஊன்றாமல் திரும்பிக்கொண்டேதான் இருப்பாள். படிக்கிற பிள்ளையெல்லாம் அவளைச் சபித்துக்கொண்டேதான் இருக்கும்.

திவ்யா கடைசித் துணியையும் மடித்து வைத்தாள். மடிக்க வேறொன்றும் இல்லாமல் போகவும் அவள் கை சும்மா மடியில் கிடந்தது.

“அந்த வீடியோவுல பேசுச்சே ஒரு புள்ள, ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு. அது பேரு என்னக்கா?”

“அஸ்வினி.”

“அஸ்வினியா.” திவ்யா அந்தப் பெயரை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். “அது பேசுன எடத்தை மட்டும் எத்தனை வாட்டி போட்டுப் பாத்தேன்னு தெரியல. இந்த ரெண்டரை வருசத்துல எனக்காகப் பேசுன ஒரே சீவன் அதுதான். நான் யாருன்னு தெரியாது. என்ன நடந்துச்சுன்னு தெரியாது. அதுக்கே தோணியிருக்கு, போயி ஒரு வார்த்தை கேக்கணும்னு.” அவள் அக்காவை நேராகப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலத்தான் கேட்டாள்.

“அந்தப் புள்ளைய ஏன்க்கா தோக்க வச்ச?”